ஆறா, எட்டா

உக்காருங்ணா, உக்காருங்க. இந்த பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், செவுத்தோரமா சாஞ்சுக்குங்க. கூப்பிடறதுக்கு இன்னும் நேரமிருக்குது. ஏனுங்க, உங்களுது என்ன கேஸு? பாகப் பிரிவினையா? அது சரி. அது பேரன் காலம் வரைக்கும் ஓடும், நீங்க மெதுவா உக்காரலாம். என்னுது அப்படியில்லைங்க. அடிதடி. கொடுங்காயம்னு எழுதியிருக்காங்க. அந்தப் பேப்பரைப் படிச்சா எனக்கே பயமா இருக்குது, எவனோ கொலகாரனப் பத்தி எழுதின மாதிரி.

நான் கை நீட்டற ஆளே கெடையாதுங்க. சிங்காநல்லூர்ல வந்து ரேஸ் இன்ஜின் கட்டற நல்லசிவம்னு கேட்டுப் பாருங்க. தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. எவனாச்சும் வேற மாதிரி சொன்னா அவன் பேரை மட்டும் எனக்குச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்.

எல்லாம் ஒரு இன்ஜினால வந்த வெனைங்க. ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா. அவ்வளவுதான் விசயம்.

டிராக் ரேஸு பாத்திருக்கீங்களா? வளைவு நெளிவெல்லாம் ஒண்ணுங் கெடையாது. ரெண்டு காரு பக்கத்துல பக்கத்துல நிக்கும். பச்ச லைட்டு எரிஞ்சதும் நேரா கால் மைலு. எவன் மொதல்ல போய்ச் சேர்றானோ அவன் ஜெயிச்சான். நீங்க ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடறதுக்குள்ள முடிஞ்சுரும். அந்தக் கொட்டாவி நேரத்துக்காக நாங்க வருசம் பூரா இரும்போட மல்லுக்கட்டுவோம்.

ஓட்டறது என் தங்கச்சி பூங்கோதை. அப்பன் போனதுக்கப்புறம் அவளை வளத்ததே நாந்தானுங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா ரேஸுன்னு எங்க பெரியப்பன் மகன் ஒரு கல்யாண வீட்டுல கேட்டான். இப்பக் கேக்கறதில்ல. என்னையக் கண்டா பந்தியில இருந்தே எந்திரிச்சுப் போயிருவான். தங்கச்சின்னா எனக்கு உசுருங்க. அவளுக்காக நான் எவனை வேணாலும்... சரி விடுங்க.

அவ கட்டிக்கிட்டது விசாகன். எங்க பட்டறையிலதான் இருந்தான். இன்ஜின் நான் கட்டுவேன், அதுக்கு எந்த நொடியில எத்தனை எரிபொருள் போகணும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு வைக்கறது அவன் வேலை. நல்ல வேலைக்காரன், அதை இல்லைன்னு சொல்லக்கூடாது. என்ன, பேச்சு எச்சு. எதுக்கெடுத்தாலும், "அப்படியில்லீங்க மச்சான்" அப்படிம்பான். நான் ஒண்ணு சொன்னா, "அப்படியில்லீங்க மச்சான்." காத்தால இருந்து பொழுது சாயற வரைக்கும் இதே. உங்களுக்கா இருந்தா கோவம் வருமா வராதா?

மூணு பேரும் சேந்து ஒரு நாலு சிலிண்டர் வண்டி வெச்சு நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருந்தோமுங்க. பொள்ளாச்சி ரோட்டுக்கு உள்ளாற எப்பவோ ஒரு கம்பெனிக்காரன் போட்ட விமான ஓடுபாதை ஒண்ணு சும்மா கெடக்குது. அங்கதான் ரேஸு நடத்துவாங்க. ஒரு தடவை பெங்களூர்ல இருந்து பெள்ளியப்பான்னு ஒருத்தன் வந்தான், குடகுக்காரன். அமெரிக்க வி-எட்டு இன்ஜின் போட்ட வண்டி. பச்ச லைட்டு எரிஞ்சதுதான் தெரியும், அவன் வண்டியோட பின்பக்கந்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ரேஸு முடிஞ்சு வந்து எங்கிட்டக் கை குடுத்துட்டு, "உங்க வண்டி நல்லாப் பாடுது சார்"னு சிரிச்சான். பாடுதாம்! நான் ஒண்ணும் செய்யலைங்க. சட்டையப் புடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டினேன். அவன் மூக்கு ஒடைஞ்சது அவன் வண்டிக் கதவுல இடிச்சு. கதவு தொறந்து கெடந்தா அதுக்கு நானா பொறுப்பு?

அன்னிக்கே முடிவு பண்ணினேன், பெரிய வண்டி கட்டறதுன்னு. ஆயிரத்தைந்நூறு குதிரை சக்தி. அதுக்கு எந்த இன்ஜின்? அங்கதாங்க சண்டை ஆரம்பிச்சுது.

விசாகன் வி-எட்டுத்தான் வேணும்னான். அது நாலு நாலா ரெண்டு வரிசை சிலிண்டர், கைய விரிச்ச மாதிரி நிக்கும். "பெரிய நுரையீரல் மச்சான், சும்மா மூச்சு விட்டாலே பாதி சக்தி வந்துரும். நீளம் கம்மி, வண்டிக்குள்ள பின்னால தள்ளி வெக்கலாம், பின் சக்கரத்துல பாரம் விழும்"னான். எனக்கு ஜப்பான்காரனோட ஆறு சிலிண்டர். ரயில் பொட்டி மாதிரி ஆறும் ஒரே வரிசை. இரும்புல வார்த்த பிளாக்குங்க, கோட்டைச் செவுரு மாதிரி. உள்ளாற சுத்தற தண்டைத் தாங்கறதுக்கு அதுல ஏழு இடம், எட்டுல அஞ்சுதான். டர்போ வெச்சு காத்தை அழுத்தித் திணிச்சா அந்த இரும்பு வாங்கிக்கும். இது நான் சொல்றதில்ல, உலகமே சொல்லுது.

அதோட இன்னொண்ணு. பெள்ளியப்பா போட்டிருக்கற இன்ஜினையே நாமளும் போட்டா அவன் எச்சில் எலையில உக்காந்து திங்கற மாதிரி ஆகாதுங்களா? இதை நான் வெளிய சொல்லல. இரும்பு, ஏழு தாங்கி, அதைத்தான் சொன்னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. கறிக்கொழம்பு. எலை போட்டு உக்காந்தாச்சு. பேச்சு இன்ஜினுக்குப் போச்சு.

"அப்படியில்லீங்க மச்சான், ஆறுல ஆயிரத்தைந்நூறு வேணும்னா காத்தை அளவுக்கு மீறித் திணிக்கணும். கொஞ்சம் கணக்குத் தப்புனாலும் உள்ளாற வெடிச்சுரும். எட்டுல எடமிருக்குது."

"மாப்ள, நீங்க லேப்டாப்பைத் தட்டுங்க. இரும்பைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க."

"இரும்பைப் பத்தி இல்லீங்க மச்சான். நீங்க பெங்களூர்க்காரனை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசறீங்க."

கொழம்புச் சட்டி கைக்குப் பக்கத்துல இருந்துதுங்க. எடுத்தேன், அடிச்சேன். சூடு ஆறினதுதான், பெருசா ஒண்ணுமில்ல. அவனும் சும்மா இருக்கல, எந்திரிச்சு என் எலையை எட்டி ஒதைச்சான். சோத்தை ஒதைக்கறவன் மனுசனுங்களா? நான் அவன் கழுத்தைப் புடிச்சு செவுத்துல சாத்தினேன். அப்பவும் மரியாதையாத்தானுங்க பேசினேன். "பேசாதீங்க மாப்ள, பேசாதீங்க"ன்னு சொல்லிச் சொல்லித்தான் சாத்தினேன்.

பூங்கோதை சோத்துக் கரண்டியோட நடுவுல வந்து நின்னா. அவ ஒரு கேள்வி கேட்டா.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆறோ எட்டோ, எதை வேணாலும் போடுங்க. ஆனா அது ஒடையும். எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒடையும். ஒடையறப்ப உள்ளாற உக்காந்திருக்கறது நானு. எது எம்மேல ஒடையாது? அதை மட்டும் சொல்லுங்க."

மாப்ள கழுத்துல இருந்து கையை எடுத்தேன். அப்புறம் நான் சொன்னேன், "அம்மிணி, உனக்கு இன்ஜின் சமாச்சாரம் என்ன தெரியும், போய் ரசம் கொண்டா." அவளும் போயிட்டா. ரசம் வரலைங்க, கதவைச் சாத்திக்கிட்டா. பொம்பளைகளுக்குக் கோவம் எதுக்கு வருதுன்னே தெரியறதில்ல.

ஆறுதான் முடிவாச்சு. பட்டறை என்னுது, பேச்சும் என்னுதுதான்.

இன்ஜின் வந்து எறங்கினப்ப ஒரு கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கினேனுங்க. பிஸ்டன், ராடு, தண்டு எல்லாம் கழட்டி எறிஞ்சுட்டுப் பெலமானதா போட்டேன். ஒரு போல்ட்டைக்கூட வேறொருத்தன் முறுக்க விடல. எங்கிட்ட இருந்த வெல்டர் ஒருத்தன் புகைக்குழாய்ல ஒரு இடத்துல சரியா ஒட்டாம விட்டுட்டான். அவன் கையைப் புடிச்சு அந்தச் சூட்டு மேலயே வெச்சேன், எங்க விட்டிருக்கேன்னு தடவிப் பாருன்னு. தெரிஞ்சுக்கட்டும்னுதான். அடுத்த நாள் அவன் வேலைக்கு வரல. இந்தக் காலத்துல எவனுக்குங்க தொழில் பக்தி இருக்குது?

வண்டியைச் சோதிச்சுப் பாத்தோம். சத்தம் இருக்குதே, நெஞ்செலும்புக் கூடே அதிரும். ஆனா விசாகன் ஒரு வரம்பு வெச்சிருந்தான். டர்போ இத்தனை அழுத்தத்துக்கு மேல காத்தைத் திணிக்கக்கூடாதுன்னு. "இதுக்கு மேல போனா பிளாக்கு தாங்காதுங்க மச்சான். இதுலயே வண்டி போதுமான ஓட்டம் ஓடும்"னான். பூங்கோதையும் ரெண்டு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு, "இது போதும் அண்ணா, இப்பவே வண்டி நேரா நிக்கறதுக்குள்ள என் கை கடுத்துப் போகுது"ன்னா. போதுமாம். ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டாங்க பாருங்க. என் தங்கச்சி எனக்கு எதிரா!

ரேஸு அன்னிக்குக் காத்தால பெள்ளியப்பா வந்து எறங்கினான். மூக்கு லேசா கோணலா இருந்துச்சு. என்னையப் பாத்து வணக்கம் வெச்சான். அதுல ஒரு கிண்டல் இருந்துச்சுங்க. எல்லாரும் இல்லைங்கறாங்க, எனக்குத் தெரியும். பயிற்சி ஓட்டத்துல அவன் வண்டி எங்களை விட ஒரு மொழம் முன்னால போச்சு. ஒரே ஒரு மொழம்.

நான் என்ன பண்ணினேன்னா... உங்ககிட்ட சொன்னா என்னுங்க, நீங்க பாகப் பிரிவினை. அதிகமான காத்தை வெளிய விடறதுக்கு ஒரு வால்வு இருக்குது, அதுல ஸ்பிரிங்கை மாத்திக் கெட்டியானதாப் போட்டேன். இனி காத்து வெளிய போகாது, உள்ளதான் போகும். ஆனா கம்ப்யூட்டர் அதைப் பாத்தா வண்டியை அடக்கிரும். அதனால அழுத்தத்தைப் பாத்து அதுக்குச் சொல்ற குழாய் ஒண்ணு இருக்குது, அதை இடுக்கியில நசுக்கி விட்டேன். இப்பக் கம்ப்யூட்டருக்குப் பழைய அளவுதான் தெரியும். எப்படி? விசாகன் படிச்ச படிப்பெல்லாம் ஒரு இடுக்கிக்குப் பதில் சொல்லுமா? யாருக்கும் தெரியாது. விசாகன் சாப்பிடப் போயிருந்தான், பூங்கோதை ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு இருந்தா.

மூணு மணி வெயிலுங்க. ரெண்டு வண்டியும் கோட்டுல நின்னுச்சு. சக்கரத்தைச் சுத்தவிட்டு ரப்பர் புகை. பச்ச எரிஞ்சுது.

என் வண்டி எந்திரிச்சுது பாருங்க! முன்பக்கம் ஆகாசத்தைப் பாத்துச்சு. பாதி தூரத்துல பெள்ளியப்பா வண்டியைத் தாண்டி ஒரு முழு வண்டி நீளம் முன்னால. நான் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன், "ஆறுடா! ஆறு!"

அப்புறம் டமால்னு ஒரு சத்தம். இன்ஜின் ராடு ஒண்ணு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தனியாப் பறந்து போச்சு. எண்ணெய் பூரா பின் சக்கரத்துக்கு அடியில. வண்டி பக்கவாட்டுல திரும்பி, தடுப்புச் செவுத்துல மோதி, ரெண்டு தடவை உருண்டு, நேரா நின்னு, தீப்புடிச்சுது.

எரிபொருள் போதலைங்க. காத்து அவ்வளவு உள்ள போறப்ப அதுக்குத் தக்க எரிபொருள் விட்டிருக்கணும். அது யாரு வேலை? விசாகன் வேலை. காத்து எச்சா வருதுன்னு தெரிஞ்சு எரிபொருளைக் கூட்டத் தெரியாத கம்ப்யூட்டரை எதுக்கு வெச்சிருக்கான்? நீங்களே சொல்லுங்க.

எல்லாரும் வண்டியைப் பாத்து ஓடினாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சுங்க. என் தங்கச்சி உள்ள வேகறா! இதுக்குக் காரணமானவன் எங்கன்னுதான் பாத்தேன். விசாகன் ஓடிக்கிட்டிருந்தான். கையில செவப்பா ஒரு சிலிண்டரு, தீயணைக்கறது. எங்கிட்டப் போல்ட்டு முறுக்கற பெரிய ரெஞ்ச் இருந்துச்சு. குறுக்கால போய் ஒரு போடு போட்டேன். தோள்பட்டையில விழுந்துச்சு, ஏதோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. விழுந்தவன் அப்பவும் எந்திரிக்கப் பாத்தான். "விடுங்க மச்சான், அவ உள்ள இருக்கா, விடுங்க"ன்னான். அவ உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாதாக்கும்! அதனாலதானே அடிக்கறேன்! காதோட சேத்து இன்னொண்ணு. அப்புறம் எத்தனைன்னு ஞாபகமில்லைங்க. அந்தச் செவப்பு சிலிண்டரு உருண்டு உருண்டு புல்லுக்குள்ள போயிருச்சு. நாலஞ்சு பேரு தீயை விட்டுட்டு என்னையப் புடிக்க வந்தாங்க. கொழுப்பைப் பாருங்க, அங்க ஒருத்தி வேகறா, இவனுக என்னையப் புடிக்கறானுக.

அவளை வெளிய இழுத்தது பெள்ளியப்பா. தன் வண்டியை நிறுத்திட்டு ஓடியாந்து, பெல்ட்டை அறுத்து, கண்ணாடி வழியா இழுத்துப் போட்டானாம். அவன் கையும் வெந்து போச்சாம். போகட்டும், நல்லது பண்ணினான், இல்லைங்கல. ஆனா அதை நான் பண்ணியிருக்கணுமுங்க. அண்ணன் நான் இருக்கறப்ப ஊரான் வந்து தூக்கறதுன்னா? அவனுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது விசாகன்தான். அவனை அடிக்கற வேலை எனக்கு இல்லாம இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டனா?

தங்கச்சிக்கு வலது கை முழங்கை வரைக்கும் தீக்காயம். தொடையில தோலை எடுத்துக் கையில ஒட்டினாங்க. விசாகனுக்குத் தோளெலும்பு முறிவு, இடது காது கேக்காமப் போயிருச்சுன்னாங்க. கேஸைக் குடுத்தது அவன்னு நெனைக்கறீங்களா? இல்லைங்க. அவன் வேண்டாம்னுட்டானாம். "சொந்தம், விட்டுருங்க"ன்னானாம். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டப்ப, கட்டுப் போட்ட கையோட படுத்துக்கிட்டு எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லிக் கேஸு குடுத்தது பூங்கோதை. மருந்து மயக்கத்துல பேசியிருக்கா. மயக்கம் தெளிஞ்சா வாபஸ் வாங்கிருவான்னு இருந்தேன். இன்னுந் தெளியல போல.

நான் ஆசுபத்திரிக்குப் போனனுங்க. போகாம இருப்பனா? மல்லிப்பூவும் ஆப்பிளும் வாங்கிக்கிட்டுப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. "அவங்க பாக்க விரும்பல"ன்னு நர்ஸு சொல்லுச்சு. நான் ஒண்ணும் சத்தம் போடல. அந்தக் கண்ணாடிக் கதவு தானா ஒடைஞ்சதுதான். அதுக்குத் தனியா ஒரு கேஸு இருக்குது, அது வேற கோர்ட்டு.

இன்னிக்கு அவ சாட்சி சொல்றா. வக்கீல் நூறு தடவை சொல்லியிருக்காரு, சாட்சிகிட்டப் பேசக்கூடாது, ஜாமீன் போயிரும்னு. சாட்சியாம். நான் எடுத்து வளத்த புள்ளைங்க.

இருங்க... அதோ வர்றாங்க பாருங்க. நீலச் சேலை. அதுதான் பூங்கோதை. பக்கத்துல வெளுத்துப்போன சட்டை போட்டுக்கிட்டு வர்றவன்தான் விசாகன். கையில பைக்கட்டைப் புடிச்சுக்கிட்டு எப்படி வர்றான் பாருங்க, பொண்டாட்டிக்குப் பின்னால. ஒரு நிமிசங்க, இதோ வந்தர்றேன்.

...

வந்துட்டேன். தள்ளி உக்காருங்க, தண்ணி இருந்தாக் குடுங்க.

பேசினேன். போலீஸ்காரர் மொறைச்சாரு, பரவாயில்ல. மொதல்ல மாப்பிள்ளைக்கு வணக்கம் சொன்னேன். அந்தாளு திரும்பியே பாக்கலைங்க. திமிரு. பக்கத்துல நின்னுதான் சொன்னேன், இடது பக்கமா, காதுகிட்டயே. பேசாமப் போறான். சரின்னு தங்கச்சிகிட்டப் போனேன். கையில முழங்கை வரைக்கும் துணி சுத்தியிருந்தா. ஆள் எளைச்சுத்தான் போயிருக்கா. மறுபடியும் வண்டி கட்டறாங்கன்னு கேள்விப்பட்டிருந்தனுங்க. எனக்கு அதுதான் மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. கேட்டே போட்டேன்.

"அம்மிணி, புது வண்டிக்கு என்ன இன்ஜின் போடற? எட்டா?"

அவ நின்னா. என்னைய ரொம்ப நேரம் பாத்தா. அழுவான்னு நெனைச்சேன், அழுகல.

"இல்ல. அதே ஆறுதான்"னா. "இன்ஜின் மேல எனக்கென்ன கோவம்?"

கேட்டீங்களாண்ணா? ஆறு! அந்த விசாகனைக் கூட வெச்சுக்கிட்டே சொல்றா, அதே ஆறுன்னு! அவ்வளவு அடிதடி, அவ்வளவு ஆசுபத்திரி, கடைசியில யாரு சொன்னது நின்னுச்சு? எனக்கு இப்பத்தானுங்க நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கின மாதிரி இருக்குது. என் தங்கச்சி என்னைய விட்டுக் குடுக்கல பாத்தீங்களா.

என் பேரைத்தான் கூப்பிடறாங்க. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க, வெரசா வந்துருவேன். எம் பொறந்தவ சாட்சி சொல்றா, எனக்கென்னுங்க பயம்?